டின்னுக்கு ஒரு வார்த்தை, மனிதனுக்கு ஒரு வார்த்தை

டொரத்திக்கு மூக்கின்மேல் கோபம் என்று பெக்கான் நானாஸ் ஊர் முழுக்கப் பேசுவார்கள். பேசட்டும். கோபம் வராத ஒருத்தியை அந்த அன்னாசி டின் ஃபேக்டரியில் ஆபீஸ் கிராணியாக உட்கார வைத்திருந்தால், ஃபேக்டரி என்றைக்கோ இழுத்து மூடப்பட்டிருக்கும். தாமதமாக வரும் லாரிக்காரனிடமும், அளவு குறைத்து அட்டைப்பெட்டி அனுப்புகிறவனிடமும் எரிந்து விழுவது அவள் வேலை. விழுந்து முடித்த கையோடு மேசைக்கு வந்து, ஒன்றுமே நடக்காததுபோல் நல்ல இங்கிலீஷில் கடிதம் அடிப்பதும் அவள் வேலைதான். கான்வென்டில் படித்தவள். வார்த்தைகளில் யாரும் அவளை ஏமாற்றிவிட முடியாது.

சரக்கு ஒரு நாள் தாமதமானால் 'சாரி' என்று எழுதுவாள். அது பஸ்ஸில் அடுத்தவன் காலை மிதித்தவன் சொல்கிற வார்த்தை, சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருக்கலாம். மழையில் ரோடு மூழ்கி லாரி நின்றுபோனால் 'ரிக்ரெட்' என்று எழுதுவாள். அதாவது நமக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இருந்தாலும் உங்களுக்காக முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்கிறோம். தப்பு நம்முடையது, ஒப்புக்கொள்கிறோம் என்றால் மட்டும் 'அப்பாலஜைஸ்'. நம் வருத்தத்துக்கும் மன்னிப்புக்கும் நடுவில் இருக்கிற பள்ளம்தான் ரிக்ரெட்டுக்கும் அப்பாலஜைஸுக்கும் நடுவில் இருப்பது. அந்தப் பள்ளத்தில் தானே ஒரு நாள் நிற்க வேண்டி வரும் என்று அவள் நினைக்கவில்லை.

அவள் புருஷன் லூயிஸ் அதே ஃபேக்டரியில் மெக்கானிக். வாயைத் திறந்தால் இரண்டு வார்த்தைக்கு மேல் வராத மனிதர். டின்களை அடுக்கி நீராவியில் வேகவைக்கும் பெரிய இரும்புக் கலன் ஒன்று அங்கே உண்டு. அதன் கதவுப் பூட்டு தேய்ந்துவிட்டது, உள்ளே ஆவி இருக்கும்போதே திறந்துகொள்ளப் பார்க்கிறது என்று அவர் மேனேஜரிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். பூட்டை மாற்ற வேண்டுமென்றால் கலனை நிறுத்த வேண்டும். காய் குவிகிற நேரத்தில் நிறுத்த முடியுமா, சீசன் முடியட்டும் என்றான் மேனேஜர். சீசன் முடியவில்லை. ஒரு மதியம் லூயிஸ் முன்னால் நிற்கும்போதே கதவு திறந்துகொண்டது, ஆவி அவர்மேல் பாய்ந்தது. ஜொகூர் பாருவுக்குப் போகும் வழியிலேயே, ஆம்புலன்ஸில், லூயிஸின் உயிர் போய்விட்டது.

அந்த மேனேஜர் மார்கஸ் அந்நியன் இல்லை. ஒரே கோயில். ஞாயிற்றுக்கிழமை பூசையில் வாசகம் வாசிப்பவன். வீட்டுக்கு வந்தால் 'அக்கா', 'அண்ணன்' என்று உரிமையோடு சாப்பிட்டுவிட்டுப் போவான். ஆபீஸுக்குள் மட்டும் டொரத்தி அவனை மிஸ்டர் மார்கஸ் என்பாள்.

அடக்கம் முடிந்த வாரத்தில் கம்பெனிக் கடிதத்தை அவனே கொண்டுவந்து கொடுத்தான். நடந்த சம்பவத்துக்குக் கம்பெனி ஆழமாக ரிக்ரெட் பண்ணுகிறதாம். டொரத்தி அதை ஒரு முறைதான் படித்தாள்.

"எதுக்கு தம்பி வருந்துறீங்க?"

"அண்ணன் போனதுக்குத்தான்கா."

"அவரு எப்படிப் போனாரு?"

மார்கஸ் தலைக்கு மேலே சுற்றிய காற்றாடியைப் பார்த்தான். "லாயர் அந்த ஒரு வார்த்தைய மட்டும் போட விடமாட்டேங்கறாரு லா. அப்பாலஜைஸ்னு போட்டா தப்ப ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமாம்."

"ஒத்துக்கத்தானே வேணும்?"

"வேணும்னா 'சின்சியர்லி'ன்னு ஒண்ணு சேத்துக்கலாம்கா."

இந்த இடத்தில் அவன் வாயை யாராவது பொத்தியிருக்கலாம். டொரத்தி கடிதத்தை மடித்து அவன் முன்னாலேயே வைத்தாள்.

"எழுதுறது கம்பெனி. நீங்க வாயால சொல்லுங்க. இந்த வீட்ல லாயர் இல்ல."

அவன் சொல்லவில்லை. தேநீரைக் குடித்து முடித்தான், சிலுவைப் படத்துக்கு முன்னால் நின்று ஒரு ஜெபம் சொன்னான், போய்விட்டான்.

ஒரு வார்த்தைக்காக இப்படி அடம்பிடிக்கலாமா என்று கோயிலில் சிலர் கேட்டார்கள். இப்படிக் கேட்பவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மாதம் திரும்பி டொரத்தி வேலைக்குப் போன முதல் நாளே அதற்கு விடை கிடைத்துவிட்டது. கேண்டீனில், தோல் சீவும் பிரிவில் வேலை செய்யும் வெள்ளையம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நல்ல மனசுக்காரி. நல்ல மனசோடுதான் கேட்டாள்.

"அண்ணன் அவசரப்பட்டுக் கதவத் தொறந்துட்டாராமேக்கா. பாவம். அப்படித்தான் பேசிக்கறாங்க."

டொரத்தியின் கையில் இருந்த ரொட்டி அப்படியே நின்றது. யாரும் தப்பை ஏற்காவிட்டால் தப்பு காற்றில் கரைந்துவிடுமா என்ன? செத்துப்போனவன் தலையில்தான் போய் உட்காரும். அவனால்தான் தட்டிவிட முடியாது. வாழ்நாளெல்லாம் ஒரு ஆணியைக்கூட அவசரப்பட்டு அடிக்காத மனிதரை, கம்பெனியின் இரண்டு வரி அவசரக்காரன் ஆக்கிவிட்டது. அந்தப் பெயரை அவள் விட்டுவைக்கப் போவதில்லை. ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

அந்த வாரமே சிங்கப்பூரிலிருந்து ஒரு புகார் வந்தது. நம் ஆள் ஒருவன் சரக்கை ஏற்றும்போது கீழே போட்டு, பாதி டின்கள் நசுங்கிவிட்டன. வாங்கியவன் கத்திக்கொண்டிருந்தான். நல்லபடியாக ஒரு பதில் அடித்துக் கொண்டுவரச் சொன்னான் மார்கஸ். டொரத்தி அடித்தாள். தன் வீட்டுக்கு வந்த கடிதத்தின் அதே வரிகள். லூயிஸ் இருந்த இடத்தில் டின். மற்றபடி ஒரு புள்ளியைக்கூட அவள் மாற்றவில்லை.

மார்கஸ் தன் அறையில் உட்கார்ந்து படித்தான். நெற்றி சுருங்கியது.

"அக்கா, இது சரியா வராது."

"ஏன் மிஸ்டர் மார்கஸ்? இங்கிலீஷ் தப்பா?"

"இங்கிலீஷ்லாம் சரிதான். தப்பு நம்ம மேல இருக்குல்ல. நம்ம ஆளுதானே கீழ போட்டான். 'ரிக்ரெட்'னு எழுதுனா கை கழுவுற மாதிரி இருக்கு. அவன் இன்னும் கோவிச்சுக்குவான். 'அப்பாலஜைஸ்'னு போடுங்க, மனுசன் மாதிரி."

சொல்லி முடித்த பிறகுதான் அவன் காதில் அது விழுந்தது. கையிலிருந்த தாளை இன்னொரு முறை பார்த்தான். வரிகளை இப்போது அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். கழுத்துவரை சிவந்துபோனான்.

"டின்னு நசுங்குனா மனுசன் மாதிரி எழுதணும்," என்றாள் டொரத்தி. குரல் உயரவே இல்லை. உயராததுதான் பயமாக இருந்தது. "மனுசன் வெந்து செத்தா எப்படி எழுதணும்? நீங்களே சொல்லிக் குடுங்க."

மார்கஸ் எழுந்து போய்க் கதவைச் சாத்தினான். சாத்திவிட்டு, கைப்பிடியை விடாமலே, மெதுவாகச் சொன்னான்.

"சாரிக்கா."

"அது கால மிதிச்சவன் சொல்றது."

"அக்கா, என் நெலமையக் கொஞ்சம்..."

"உங்க நெலம எனக்குத் தெரியும். உங்களுக்கு வேல போகும். எனக்குப் போகவேண்டியது போயிடுச்சு. இப்ப அவரு பேரையும் எடுத்துட்டுப் போறீங்க. அத விடமாட்டேன்." அவள் அவன் கையை விலக்கிக் கதவைத் திறந்தாள். "வெளிய வந்து சொல்லுங்க. பேரு கெட்டது அங்கதான்."

திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். தோல் சீவும் பிரிவில் பெண்கள் வரிசையாக நின்று, பெல்ட்டில் வருகிற பழங்களைச் சீவிக்கொண்டிருந்தார்கள். அவன் வரமாட்டான் என்றுதான் அவள் நினைத்தாள். வராவிட்டால் தானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போய்விடுவது என்றும் முடிவு செய்திருந்தாள். ஆனால் வந்தான். ஏன் வந்தான் என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது. பூசையில் வாசகம் வாசிக்கிற அந்தக் கணீர்க் குரல் எங்கே போனதோ, ஈரத் தரையைப் பார்த்துக்கொண்டு முணுமுணுத்தான்.

"அண்ணன் அவசரப்படல. பூட்டு தேஞ்சுபோச்சுன்னு எங்கிட்ட சொல்லிக்கிட்டேதான் இருந்தாரு. நான்தான் சீசன் முடியட்டும்னேன். தப்பு என்னோடது. மன்னிச்சிருங்கக்கா."

இத்தனை நாள் அவள் கேட்டுக் காத்திருந்தது இதுதான். அழுகை வந்தது. அதைவிட வேகமாக ஆத்திரம் வந்தது. இவ்வளவு சின்னதா? ஐந்து வாக்கியம். இதைச் சொல்லவா இவ்வளவு நாள்? இதைச் சொல்லாமலா அவரைக் குழியில் இறக்க விட்டான்?

"எனக்குக் கேட்டுச்சு தம்பி," என்றாள். "இவங்களுக்குக் கேக்கல. மெஷின் ஓடுது."

மார்கஸ் நிமிர்ந்து வரிசையைப் பார்த்தான். கத்திகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. வெள்ளையம்மா மட்டும் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கையுறையைக் கழற்றினாள், எட்டிப்போய்ப் பெல்ட்டின் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். சத்தம் மெல்ல மெல்ல அடங்கியது. பெண்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

"இப்ப சொல்லுங்க," என்றாள் டொரத்தி.