தலையணைப் புத்தகமும் என் நாத்தனாரும்

என் நாத்தனார் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் பாய்லர் ஓட்டுகிறாள். பத்தொன்பது வருஷமாக ஓட்டுகிறாள். அதே கூடத்தில் இரண்டு கதவு தள்ளி, கிழிந்த படுக்கை விரிப்புகளையும் டாக்டர்களின் அங்கிகளையும் தைத்துக் கொடுப்பது என் வேலை. அவளுடைய அண்ணனைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு வீட்டிலும் அவள் முகத்தில்தான் விழிக்கிறேன், வேலையிலும் அவள் முகத்தில்தான் விழிக்கிறேன். அதனால் அவளைப் பற்றிப் பேச எனக்கு இருக்கிற தகுதி வேறு யாருக்கும் கிடையாது. கூடத்தில் எல்லோரும் அவளைப் பாய்லரம்மா என்பார்கள். கோபம் வந்தால் நானும் அப்படித்தான் கூப்பிடுவேன்.

அவளுடைய வேலை கேட்க எளிது. பாய்லரில் தண்ணீர் ஆவியாகும். ஆவி குழாய் வழியே துணி துவைக்கும் எந்திரங்களுக்கும் இஸ்திரி எந்திரங்களுக்கும் போகும். அங்கே சூட்டைக் கொடுத்துவிட்டு மறுபடி தண்ணீராகி இன்னொரு குழாய் வழியே பாய்லருக்கே வந்து சேரும். எவ்வளவு அழுத்தத்தில் ஆவி போகிறது, திரும்பி வரும் தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்கிறது, இரண்டையும் மணிக்கொரு தரம் ஒரு நீளமான நோட்டில் எழுத வேண்டும். கீழே கையெழுத்துப் போட வேண்டும். பத்தொன்பது வருஷத்தில் ஒரு கட்டத்தைக்கூட அவள் காலியாக விட்டதில்லை. மற்ற ஷிப்டுக்காரர்கள் எட்டு மணி நேரத்துக்கும் சேர்த்து ஒரே மூச்சில் எழுதிவிட்டுப் போவார்கள். இவள் அவர்களோடு சண்டை போட்டே பாதி ஆயுளைக் கழித்தாள்.

இந்தப் பெண்ணுக்குக் கதைப் புத்தகப் பைத்தியம். அதுவும் மந்திரம், ராஜ்ஜியம், போர் என்று கல் மாதிரி கனக்கிற புத்தகங்கள். சாப்பாட்டு இடைவேளையில் பாய்லர் அறை ஸ்டூலில் உட்கார்ந்து படிப்பாள். என்னதான் இருக்கிறது அதில் என்று கேட்டால் ஒரு மணி நேரம் சொல்லுவாள், அதனால் நான் கேட்பதில்லை.

எங்கள் ஊர் நூலகத்தின் மாடியில் ஒரு வாசகர் வட்டம் இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கூடுவார்கள். ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர்தான் தலைவர். வட்டத்து ஆட்கள் மட்டும்தான் பேசலாம், மற்றவர்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்கலாம். வட்டத்தில் சேர வேண்டுமானால் ஒரு மதிப்புரை வாசித்து, பாதிப் பேருக்கு மேல் கை தூக்க வேண்டும். ஒருவருக்கு இரண்டே வாய்ப்பு. அதற்குமேல் காலம் பூராவும் கடைசி வரிசைதான்.

முதல் வாய்ப்பை என் நாத்தனார் இரண்டு வருஷத்துக்கு முன்பே கோட்டை விட்டாள். ஏதோ ஒரு கடல் பயணக் கதை. நாற்பது பீப்பாய்த் தண்ணீரோடு கிளம்பிய கப்பலில் தொண்ணூறு நாள் எப்படி எல்லோரும் குடித்தார்கள், குளித்தார்கள் என்றுதான் மதிப்புரையைத் தொடங்கியிருக்கிறாள். கூடம் சிரித்திருக்கிறது. பேராசிரியர் சிரிக்கவில்லையாம், ஆனால் "இது இலக்கியம்மா, தண்ணித் தொட்டி இல்ல" என்று மெதுவாகச் சொன்னாராம். இவள் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து அந்தக் கடல் கதையைப் பரண்மேல் போட்டாள். எனக்கு அந்த ஆளை நாலு வார்த்தை கேட்க வேண்டும் போல இருந்தது. அப்புறமும் வெட்கமில்லாமல் மாதாமாதம் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். எனக்கு அவள்மேலும் கோபம்தான்.

இந்த வருஷம் இரண்டாவது வாய்ப்பு வந்தது. மதிப்புரைக்குக் கொடுத்தது தொள்ளாயிரம் பக்கப் புத்தகம். அதற்கு என்னவோ பெரிய பெயர், எங்கள் வீட்டில் தலையணை என்றுதான் பெயர். எழுதியது யாரோ ஒரு புதுப் பெண்ணாம். அதில் வரும் மந்திரவாதிகளுக்கு அனலர்கள் என்று பெயர். அவர்களால் சூட்டை உண்டாக்க முடியாது. இடம் மாற்றத்தான் முடியும். இங்கே தீ மூட்ட வேண்டுமானால் வேறெங்கோ ஏதாவது உறைய வேண்டும். அதனால் படையெடுத்துப் போனால் ஏரிக்கரையில் கூடாரம் போடுவார்கள், ஏரியை உறைய வைத்து எதிரியின் கோட்டையைக் கொளுத்துவார்கள். வெந்நீர் ஊற்று யார் கையில் இருக்கிறதோ அவர்கள்தான் ராஜா. இதைச் சொன்னபோது நாத்தனாரின் கண்ணைப் பார்க்க வேண்டுமே! தனக்காகவே யாரோ உட்கார்ந்து எழுதின மாதிரி பூரித்துப் போனாள்.

தலையணைக்கும் நோட்டுப் போட்டாள். ஒவ்வொரு மந்திரத்துக்கும் ஒரு வரி. எந்தப் பக்கம், எவ்வளவு சூடு, எதற்காக. பழைய பாய்லர் நோட்டின் மிச்சத் தாள்களில் கோடு கிழித்து எழுதிக்கொண்டே வந்தவள், கடைசிப் போரில் வந்து முட்டிக்கொண்டாள். கதாநாயகன் மொட்டை மலை உச்சியில் தனியாக நின்று ஓர் இரும்புக் கோட்டைக் கதவையே உருக்குகிறான். பக்கத்தில் ஏரி இல்லை, ஊற்று இல்லை, ஒரு கரித்துண்டுகூட இல்லை. அந்தச் சூடு எங்கிருந்து வந்தது? ஆசிரியைக்குத் தான் போட்ட விதியே மறந்துவிட்டது என்று பத்திரிகைகளில் எழுதியிருந்தார்கள். பேராசிரியரும் போன கூட்டத்திலேயே அதைத்தான் சொல்லியிருந்தார். நாத்தனாரும் அப்படியே நாலு பக்கம் எழுதி முடித்தாள். இந்தத் தடவை கை தூக்கிவிடுவார்கள் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

கூட்டத்துக்கு ஒன்பது நாள் இருக்கும். மதியம் மூன்று மணிக்குத் திரும்பி வரும் தண்ணீர் திடீரென்று ஆறிப்போய் வந்தது. நாத்தனார் குழாயைப் புறங்கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே கூடம் முழுக்க நடந்தாள். எங்கே சில்லென்று இருக்கிறதோ அங்கேதான் கோளாறு. நாலாம் நம்பர் இஸ்திரி எந்திரத்துக்குப் பின்னால் அதைப் பிடித்தாள், ஃபிட்டரைக் கூப்பிட்டாள், சரி செய்தார்கள். இது மாதத்தில் ஒரு தரம் நடப்பதுதான். ஆனால் அன்றைக்குக் கையுறையைக்கூடக் கழற்றாமல் என் தையல் அறை வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணி, நான் போனதை மட்டும் எழுதிட்டேன். திரும்பி வந்ததை எழுதவே இல்ல" என்றாள்.

சூடு தலைக்கேறிவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னாள். தலையணை நோட்டில் சூடு எங்கே போயிற்று என்றுதான் எழுதினாளாம். குளிர் யாரிடம் வந்து சேர்ந்தது என்று ஒரு கட்டம் போடவே இல்லையாம். பத்தொன்பது வருஷமாக அந்தக் கட்டத்தை விடாதவள், கதைதானே என்று விட்டுவிட்டாள். சொல்லும்போது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

எட்டே நாளில் தொள்ளாயிரம் பக்கத்தையும் மறுபடி படித்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒரே ஒரு கேள்வியோடு படித்தாள்: யாருக்குக் குளிர்கிறது? ஆள் அகப்பட்டது. கதாநாயகனுக்கு ஊரில் ஒரு தங்கை இருக்கிறாள். யாரும் கண்டுகொள்ளாத பாத்திரம். ஆனால் அண்ணன்காரன் எங்கோ ஒரு பெரிய மந்திரம் போட்ட ஒவ்வொரு தடவையும், இரண்டு மூன்று பக்கம் தள்ளி இவள் எதையாவது செய்கிறாள். கையைச் சட்டைக்குள் இழுத்துக்கொள்கிறாள். மடியில் இருந்த பூனை இறங்கிப் போகிறது. அவள் தொட்ட குழந்தை வீறிட்டு அழுகிறது. அவள் அறை ஜன்னலில் மட்டும் கோடையில் பனி படிகிறது. அவன் கதவை உருக்கின அன்றைக்கு அவள் படுத்த படுக்கையாகிறாள், ஊரார் ஏதோ காய்ச்சல் என்கிறார்கள். அவன் தனக்கே தெரியாமல் பிறந்ததிலிருந்து தங்கையிடமிருந்துதான் சூட்டை எடுத்திருக்கிறான். மொத்தம் பதினொரு இடம். நாத்தனார் பழைய நாலு பக்கத்தையும் கிழித்துப் போட்டாள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. கடைசி வாய்ப்பை வைத்துக்கொண்டு விளையாடுகிறாளே!

"அந்தப் பேராசிரியர் சொன்னதையே நீயும் சொல்லிட்டுப் போயேன். கை தானா தூக்குவாங்க. உள்ள போய் உக்காந்தப்புறம் உன் இஷ்டத்துக்குப் பேசிக்கோ" என்றேன்.

"தப்புன்னு தெரிஞ்சப்புறம் எப்படி அண்ணி கீழ கையெழுத்துப் போடறது?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நானும் கூடவே கிளம்பினேன். இன்னொரு தடவை சிரித்தார்களானால் அவர்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவது என்ற முடிவோடுதான் போனேன்.

நூலக மாடியில் முப்பது நாற்காலி, கிறீச்சிடும் ஒரு மின்விசிறி. கடைசி வரிசையில் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தேன். பயத்தில் எனக்கு வாய் அதிகமாகிவிடும். தொள்ளாயிரம் பக்கம் எழுதுகிறவர்களுக்கு வேறு வேலை வெட்டியே இருக்காதா, அதைப் படித்து எங்கள் வீட்டுப் பெண் இளைத்தே போனாள் என்று சொன்னேன். அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

நாத்தனார் எழுந்து நின்றாள். நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டாள்.

"நான் பாய்லர் ஓட்டறவ. சூடு காணாம போனா நாங்க மொதல்ல மீட்டரைத் திட்ட மாட்டோம். குழாயைத் தொட்டுப் பார்ப்போம். இந்தப் புத்தகத்தையும் அப்படித்தான் படிச்சேன். ஆசிரியர் விதியை மறக்கல. நாமதான் தங்கச்சியை மறந்துட்டோம்" என்றாள்.

ஒருவர் செருமினார். முன்வரிசையில் ஒருவர் பக்கத்து ஆளைப் பார்த்து இளிக்கப் போனார். நான் நாற்காலியை நகர்த்தி நிமிர்ந்து உட்கார்ந்தேன். பேராசிரியர் கையை உயர்த்தி எல்லோரையும் அடக்கிவிட்டு, தன் புத்தகத்தை எடுத்து, பக்கம் சொல்லுங்கள் என்றார். நாத்தனார் நோட்டைப் பார்த்து நாற்பத்தொன்று என்றாள். அவர் புரட்டிப் படித்தார். அடுத்தது நூற்றுப் பதினெட்டு. அதையும் படித்தார். மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது. மற்றவர்களும் அவரவர் பிரதியைப் புரட்ட ஆரம்பித்தார்கள், கூடம் முழுக்கத் தாள் புரளும் சத்தம்தான். இளிக்க வந்தவர் முகத்தில் ஈயாடவில்லை. ஒன்பதாவது இடத்தில் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் இதை ரெண்டு தடவை படிச்சேம்மா. அந்தப் பொண்ணை ஒரு தடவைகூடப் பார்க்கல" என்றார். அதோடு, யாரும் வாக்கெடுப்பு என்று சொல்வதற்கு முன்னால், தன் கையைத் தூக்கினார்.

வட்டத்தில் மொத்தம் இருபத்திரண்டு பேர். நான் எழுந்து நின்று எண்ணினேன். இருபத்திரண்டு கையும் மேலே இருந்தது. எனக்கு ஓட்டு இல்லாவிட்டால் என்ன, நானும் தூக்கினேன். என் நாத்தனார் நோட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு நின்றாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க எத்தனை தலையணை வேண்டுமானாலும் படிக்க விடலாம் என்று தோன்றியது.

அப்போதுதான் என் பக்கத்தில் இருந்த ஹெல்மெட் பெண் எழுந்தாள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. அந்தப் புத்தகத்தை எழுதியது தான்தான், இங்கே அதைப் பேசுகிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்தேன் என்றாள். கேட்டதும் நாற்காலிக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாமா என்று பார்த்தேன். புத்தகம் வந்து ஒன்றரை வருஷமாகியும் தங்கையைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லையாம். இரண்டாம் பாகமே அவள் கதைதானாம். யாருமே பார்க்காததை எதற்கு எழுதுவது என்று பாதியில் நிறுத்தி வைத்திருந்தாளாம். நாத்தனாரின் நோட்டை வாங்கி ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "பதினொண்ணு புடிச்சிட்டீங்க. நான் வெச்சது பன்னெண்டு" என்றாள்.

நாத்தனாரின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. எந்தப் பக்கம் என்று எவ்வளவு கேட்டும் அந்தப் பெண் சொல்லவில்லை. கண்டுபிடித்தால் கூப்பிடுங்கள் என்று போன் நம்பரை மட்டும் எழுதிக் கொடுத்தாள்.

மூன்று வாரம் எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. நாத்தனார் மூன்றாவது தடவையும் படித்தாள், கிடைக்கவில்லை. கடைசியில் சாப்பாட்டு இடைவேளையில் என் தையல் அறைக்கு வந்து சத்தம் போட்டு வாசிக்க ஆரம்பித்தாள். காதில் போட்டுக்கொள்ளாமல் நான் பாட்டுக்கு அங்கி தைத்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள், அண்ணன் ஒரு பெரிய மந்திரத்தைப் போட்டுக் காட்டிவிட்டுப் படைக்குக் கிளம்பும் கட்டம் வந்தது. தங்கை அவனுக்கு மேலங்கி தைத்துக் கொடுக்கிறாள். தையல் கோணல்மாணலாக, ஒவ்வொன்றும் விரல் நீளத்துக்கு இருக்கிறது. நண்பர்கள் பார்த்துச் சிரிக்கிறார்கள். நாத்தனார் வாசித்துக்கொண்டே அடுத்த பத்திக்குப் போய்விட்டாள்.

"நில்லு" என்றேன். "அதுக்கு முன்னாடி அவ தையல் எப்படி இருந்துச்சு?"

பல பக்கம் பின்னோக்கிப் புரட்டினாள். ஊரிலேயே அவள் கைத்தையல்தான் பொடியாக, அழகாக இருக்கும் என்று எழுதியிருந்தது.

"விரல் மரத்துப்போனா தையல் இப்படித்தான்டி விழும். குளிர்காலக் காலையில நான் தைக்கிறதை வந்து பாரு" என்றேன்.

நாத்தனார் தலையணையைத் தூக்கிப் போட்டுவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தாள், ஊசி அவள் தோளில் குத்தியதைக்கூட இரண்டு பேரும் கவனிக்கவில்லை. அங்கிருந்தே அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டோம். கோணல் தையலைக் கண்டுபிடித்தது அண்ணிதான் என்று சொல்லி நாத்தனார் போனை என் கையில் கொடுத்தாள். அந்தப் பெண், வேலை வெட்டி இல்லாதவங்க எழுதின புத்தகத்தை நீங்களுமா படிச்சீங்க என்று என்னைக் கேட்டுவிட்டுச் சிரியோ சிரி என்று சிரித்தாள். இரண்டாம் பாகத்தை மறுபடி எழுத உட்கார்ந்துவிட்டதாகவும் சொன்னாள்.

அந்த மதிப்புரை, வாசகர் வட்டம் போடுகிற இதழில் முதல் பக்கத்தில் வந்தது. கீழே நாத்தனாரின் கையெழுத்து, பாய்லர் நோட்டில் போடுகிற அதே கையெழுத்து. அதற்கு மேலே ஒரு வரி: பன்னிரண்டாவது இடத்தைக் கண்டுபிடித்தவர் என் அண்ணி, தையல்காரர். சலவைக்கூடத்தில் படிக்கத் தெரிந்த எல்லோரிடமும் அதைக் காட்டிவிட்டேன். இரண்டாம் பாகம் வந்ததும் முதலில் படிக்கப்போவது நான்தான் என்றும் சொல்லி வைத்திருக்கிறேன். பாய்லரம்மா வரிசையில் நிற்கட்டும்.