ரெண்டு வருஷம் ஓடினா போதும்

பின் இருக்கையின் இடப்பக்கக் கதவில், கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடி ஒன்று இருக்கிறது. அதன் குமிழ் எப்போதோ கழன்றுபோய், முன்பு வைத்திருந்தவர் யாரோ அந்த இடத்தில் சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றியிருக்கிறார். பிடித்துச் சுற்றினால் பாதி வழியில் ஒருமுறை கிறீச்சிடும். எலிக்குஞ்சு மிதிபட்டதுபோல ஒரு சின்னச் சத்தம். எண்ணெய் விட்டால் போய்விடும் என்று மெக்கானிக் இரண்டு முறை சொன்னார். வேண்டாம் என்று இரண்டு முறையும் சொன்னேன். அந்தச் சத்தத்தை நான் முதலில் கேட்டது உத்திரமேரூரில், பழைய வண்டி விற்கும் ஒரு தகரக் கொட்டகையில். அப்போது அது எதன் சத்தம் என்று எனக்குத் தெரியாது.

வண்டி அக்காவுக்காக வாங்கியது. என்னைவிட ஐந்து வயது மூத்தவள். புருஷன் இறந்தபின் அவள் பெருநகர் பக்கத்திலிருந்த தன் வீட்டைப் பூட்டிக்கொண்டு என்னிடம் வந்துவிட்டாள். என் மனைவியும் அதற்கு முன்பே போய்விட்டதால் வீட்டில் நாங்கள் இருவர்தான். அக்கா பிள்ளை இல்லாதவள். வாய் அதிகம். நான் வைக்கும் குழம்பைப் பார்த்து, "இன்னாடா இது, ஏரித்தண்ணி கலங்கின மாதிரி கீது" என்பாள். சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, வாரம் மூன்று முறை காஞ்சிபுரத்துக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும் என்று ஆனபோதும் அவள் வாய் குறையவில்லை. "மிஷினுக்குப் போறேன்" என்றுதான் சொல்வாள், மாவரைக்கப் போவதுபோல. சிகிச்சைக்குச் செலவில்லை, அரசுக் காப்பீட்டில் நடந்தது. போய் வருவதுதான் செலவு. பஸ்ஸில் போகும்போது ஒன்றும் தெரியாது. திரும்பும்போது துவைத்துப் பிழிந்த துணியாக இருப்பாள், பஸ் குலுக்கினால் வாந்தி எடுப்பாள். வாடகைக் காருக்கு வாரம் மூன்று முறை கொடுப்பது என் பென்ஷனில் பாதியைத் தின்றது. அதனால்தான் விலை குறைந்த, ஓட்டவும் செலவு குறைந்த பழைய வண்டி ஒன்றைத் தேடினேன்.

நான் மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். வண்டி தேடிய அந்த ஒரு மாதம் உண்மையில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று சொல்ல இப்போது கூசுகிறது. மறுபடியும் ஒரு கணக்கு கையில் கிடைத்திருந்தது. டீசல் வண்டி கிலோமீட்டருக்குக் குறைவாகத்தான் குடிக்கும். ஆனால் பழைய டீசல் வண்டியில் பம்ப் போனால் ஒரு வருடம் மிச்சம் பிடித்தது ஒரே நாளில் போய்விடும். கேஸ் வண்டி மலிவுதான், ஆனால் டிக்கி முழுக்க சிலிண்டர், நம் பக்கத்தில் நிரப்ப இடமும் இல்லை. சின்ன பெட்ரோல் வண்டி, நாலு பேர் கை வைத்ததானாலும், உத்திரமேரூரில் எந்த மெக்கானிக்கும் பிரித்து மாட்டக்கூடியது, டயர் மலிவு, உதிரிபாகம் எங்கும் கிடைக்கும். இதில் எதுவும் தப்பில்லை. இன்றைக்கு யார் வந்து கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

கொட்டகையில் கடைசியாக இரண்டு வண்டிகள் மிஞ்சின. ஒன்று சிவப்பு. அதிகம் ஓடாதது, ஒரே ஓனர், ஏசி உண்டு. அக்கா அதில் ஏறி உட்கார்ந்து பார்த்து, "இதுல காலு நீட்ட முடியுதுடா" என்றாள். பிடித்திருக்கிறது என்று அவள் சொல்லும் வழி அது. இன்னொன்று இந்த வெள்ளை வண்டி. ஏசி கிடையாது. விலை அதில் பாதிகூட இல்லை. சிவப்பை வாங்க என்னிடம் பணம் இல்லாமல் இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

வெள்ளை வண்டியைத் தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டுக் கொட்டகைக்குள் கொண்டுவந்து நிறுத்தினேன். அக்கா பின் இருக்கையிலேயே இருந்தாள். நானும் தரகரும் டிக்கியில் கை ஊன்றிக்கொண்டு பேசினோம். தரகர் நேர்மையான மனிதர். குறையை மறைக்காமல் சொன்னார்.

"சார், வண்டிக்கு இன்னும் ரெண்டு வருசத்துல பதினஞ்சு வருசம் முடியுது. அப்ப ஆர்டிஓல காட்டி எஃப்சி எடுத்தாத்தான் மேல ஓட்ட முடியும். டிங்கரிங், பெயிண்டிங்னு இழுத்துடும். அந்தச் செவப்பு வண்டின்னா பத்து வருசத்துக்குத் திரும்பிப் பாக்க வேணாம். உங்களுக்கு எத்தினி வருசத்துக்கு வண்டி வோணும்?"

எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. முந்தைய வாரம்தான் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார், இந்த வயதில், இதயமும் பலவீனமாக இருக்கும்போது, இரண்டு வருடம் நல்லபடியாகப் போனால் சந்தோஷப்படுங்கள் என்று. அக்காவிடம் நான் அதைச் சொல்லவில்லை. என் மனதில் இரண்டு வருடம் என்ற எண் இருந்தது, தரகர் வாயிலிருந்தும் அதே எண் வந்தது. இரண்டும் பொருந்தின. ஒரு சொத்தை அதன் தேவைக்காலத்துக்கு மேல் ஆயுள் பார்த்து வாங்குவது வீண் என்று கரும்பலகையில் தேய்மானக் கணக்குப் போட்டுக் காட்டியே வேலைக்காலம் முழுவதையும் கழித்தவன் நான்.

"ரெண்டு வருஷம் ஓடினா போதும்பா. அதுக்கு மேல தேவப்படாது" என்றேன்.

அப்போதுதான் அந்தக் கிறீச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். பின் கதவின் கண்ணாடி முழுக்க ஏறியிருந்தது. உள்ளே அக்கா எதிரே சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி மூடியிருக்கிறது, கேட்டிருக்காது என்று நினைத்தேன். நிம்மதியாக இருந்தது. முன்பணம் கொடுத்தேன்.

அந்த நிம்மதி நான்கு நாள்கூட இல்லை. முதல் முறை காஞ்சிபுரம் போய்விட்டுத் திரும்பும்போது, பாலாற்றுப் பாலத்தின் மேல், வெயில் முகத்தில் அடிக்கிறது என்று அக்கா கண்ணாடியை ஏற்றினாள். கிறீச். கொட்டகையில் கேட்ட அதே சத்தம். அப்படியானால் நான் சொன்னபோது கண்ணாடி திறந்திருந்தது. சொன்ன பிறகுதான் ஏறியது. தலைக்கு மேலிருந்த சின்னக் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தேன். கண்ணை மூடியிருந்தாள். அப்போதே வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஏதாவது சொல்லியிருக்கலாம். பாலம் முடிந்தது, மாமண்டூர் வந்தது, நான் சொல்லவில்லை.

அவளும் சொல்லவில்லை. ஆனால் எஃப்சி என்ற சொல்லை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டாள். பார்க்க வந்தவர்கள் உடம்பு எப்படி என்று கேட்டால், "எனக்கின்னா, எஃப்சி வரைக்கும் ஓடும்" என்பாள். அவர்கள் சிரிப்பார்கள். "நானும் இந்த வண்டியும் ஜோடியா ஓடிக்கினு கீறோம். ரெண்டும் பளசு, ரெண்டுத்துக்கும் தண்ணி ஊத்தினா பேஜாரு." தண்ணீர் அதிகம் குடிக்கக்கூடாது என்று டாக்டர் அவளுக்குக் கட்டுப்பாடு வைத்திருந்தார், வண்டியின் பின் தரையில் மழைத்தண்ணீர் ஒழுகும். நானும் சேர்ந்து சிரிப்பேன். வந்தவர்களிடம் வண்டி லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கிறது, வாடகைக் காரோடு ஒப்பிட்டால் எவ்வளவு மிச்சம் என்று பெருமையாகச் சொல்லுவேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, வாயில் போட்ட ஒரே ஒரு ஐஸ் துண்டைக் கரையவிடாமல் ஒதுக்கிக்கொண்டு, "என் தம்பி கணக்கு தப்பாது" என்பாள். அது பாராட்டா குத்தலா என்று நான் ஆராயாமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

யாரும் எதிர்பாராதது நடந்தது. இரண்டாவது வருடம் அவள் தேறினாள். முகத்தில் வீக்கம் குறைந்தது. போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து வழியெல்லாம் அடுத்தவர் கழனியைப் பார்த்து, எங்கள் துண்டு நிலத்தோடு ஒப்பிட்டுச் சேதி சொல்லிக்கொண்டே வருவாள். "பாருடா, அவன் நட்டே முடிச்சிட்டான். நீ இன்னும் நாத்து வுடல. வண்டிய மட்டும் தொடச்சிக்கினு கெட." டாக்டரே ஒருநாள், இப்படியே போனால் இன்னும் பல வருடம் ஓட்டலாம் என்றார். அக்காவின் எதிரிலேயே சொன்னார். அவள் டாக்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

அந்த ஐப்பசியில், மழை விட்ட ஒரு காலையில் நான் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள். கதவின் அடிப்பக்கம் துருப்பிடித்து உதிர்ந்திருந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"தை மாசந்தானே எஃப்சி?"

"ஆமாக்கா."

"டிங்கரிங்குக்கு வுடலியா? கடைசியில ஓடுனா நடக்குமா?"

அவள் என்ன கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று எழுதினால் இதை எழுதுவதற்கே அர்த்தமில்லை. வண்டியைப் பழுது பார்த்து இன்னும் ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்கப் போகிறாயா என்று கேட்டாள். அதன் பொருள் வேறு. நாளைக்கே விடுகிறேன் அக்கா என்று சொல்ல ஒரு மூச்சு போதும். எனக்கும் வயது எழுபதைத் தாண்டிவிட்டது. இரண்டு வருடமாக வாரம் மூன்று நாள் விடிந்ததும் கிளம்பி, அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் நாற்காலி தேடி உட்கார்ந்து களைத்திருந்தேன். இன்னும் ஐந்து வருடம் என்பது எனக்குள் ஒரு சுமைபோல இறங்கியது. ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே சொன்னேன்.

"பாக்கலாம்க்கா. தை வரட்டும். தேவையான்னு பாத்துக்கினு செய்யலாம்."

அவள் விரலில் ஒட்டிய துருவைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "சரிடா, அதுவும் சரிதான்" என்று உள்ளே போனாள். அதன்பிறகு எஃப்சி என்ற சொல்லை அவள் வாயிலிருந்து நான் கேட்கவில்லை. வந்தவர்களிடமும் சொல்லவில்லை.

மார்கழியில் அவள் மிஷினுக்குப் போவதைத் தவிர்க்க ஆரம்பித்தாள். முதலில் பனி என்றாள். அடுத்த வாரம் கால் வலி. நான் கட்டாயப்படுத்தினால் வருவாள். ஆனால் எல்லா நாளும் நான் கட்டாயப்படுத்தவில்லை. ஒரு சனிக்கிழமை, "இன்னிக்கி நீயும் படு, நானும் படுக்கிறேன்" என்றாள். நான் மறுபடி போர்த்திக்கொண்டு படுத்தேன். நன்றாகத் தூங்கினேன். அந்தத் தூக்கம்தான் இப்போது என்னைத் தூங்கவிடுவதில்லை.

அதற்கடுத்த முறையும் போகாததால் உடம்பில் நீர் ஏறி அவளுக்கு மூச்சு முட்டியது. படுக்கவைத்தால் மூச்சு வரவில்லை என்று பின் இருக்கையில் நிமிர்த்தி உட்காரவைத்துக் கிளம்பினேன். எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கிவிட்டேன். பெருநகர் தாண்டும்போது அவள் முன் இருக்கையின் தலைப்பகுதியைப் பிடித்துக்கொண்டு, விட்டுவிட்டுப் பேசினாள்.

"தம்பி, அன்னிக்கி கண்ணாடிய நான்தான் ஏத்தினேன்."

"தெரியும்க்கா. பேசாத."

"வண்டி வாங்கசொல்ல, அந்தக் கொட்டாயில. நீ திரும்பிப் பாப்பேன்னு தெரியும். கண்ணாடி தொறந்திருந்தா உனுக்கு பேஜாராப் பூடும். அதான்."

இரண்டு வருடமாக அவள் தன் மனக்கசப்பில் கண்ணாடியை ஏற்றினாள் என்று நினைத்திருந்தேன். அப்படி நினைப்பது எனக்குச் சௌகரியமாகவும் இருந்தது, பதிலுக்கு நானும் பேசாமல் இருக்கலாம். தான் இன்னும் எவ்வளவு காலம் இருப்போம் என்பதைத் தம்பியின் வாயிலிருந்து, ஒரு பழைய வண்டியின் பேரத்துக்கு நடுவில் கேட்ட ஒருத்தி, முதலில் நினைத்தது தம்பி வெட்கப்படக்கூடாதே என்று. நான் ஏதோ சொன்னேன். மன்னிப்பு என்று அதைச் சொல்ல முடியாது. லாரி ஒன்று எதிரே வந்தது, என் சொல் அதில் போய்விட்டது. அன்று சாயங்காலம் அக்கா ஆஸ்பத்திரியில் இறந்தாள். தை பிறக்கச் சில நாட்கள் இருந்தன.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் நான் செய்த முதல் வேலை வண்டியை டிங்கரிங்குக்கு விட்டது. துருவையெல்லாம் வெட்டி எடுத்துப் புதுத்தகடு வைத்தார்கள். பெயிண்ட் அடித்தார்கள். எஃப்சி தேறியது. சென்னையிலிருக்கும் மகன் போனில், ஆளில்லாத நேரத்தில் ஏம்பா இந்தச் செலவு என்று கேட்டான். அவன் கேட்டது நியாயம். கணக்கு அவனுக்கும் வரும். ஐந்து வருடம் ஓடக்கூடிய வண்டி வாசலில் பளபளவென்று நின்றது. காலையில் எழுந்ததும் அதைப் பார்க்க வேண்டியிருந்தது. பார்க்க முடியவில்லை. தரகரைக் கூப்பிட்டேன்.

நேற்று அவர் ஒருவரை அழைத்துவந்தார். கீழ்த்தெருவில் கட்டட வேலை எடுத்துச் செய்கிறவர், முதல்முதலாக வண்டி வாங்குகிறார். ஓட்டிப் பார்த்துவிட்டு நிறுத்தியபோது நான் பின் இருக்கையில் இருந்தேன். அக்கா உட்காரும் இடப்பக்கத்தில் அதற்குமுன் நான் உட்கார்ந்ததே இல்லை. கண்ணாடி நான்கு விரல் இறங்கியிருந்தது. அவர்கள் இருவரும் இறங்கிப் பின்னால் போய், டிக்கியில் கை வைத்துக்கொண்டு தாழ்ந்த குரலில்தான் பேசினார்கள். காதுக்குள் பேசுவதுபோல ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"நல்லாத்தானே கீது வண்டி. ஏன் விக்கிறாரு?" என்றார் வந்தவர்.

"அவங்க அக்காவ ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போவ வாங்கினாரு. ரெண்டு வருசம் ஓடினா போதும்னுதான் வாங்கினாரு. கரீட்டா ரெண்டு வருசம். அந்தம்மா பூட்டாங்க." தரகரின் குரலில் கேலி இல்லை, மரியாதைதான் இருந்தது. "வாத்தியாராச்சே. கணக்கு தப்பாது."

நான் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினேன். பாதியில் அது கிறீச்சிட்டது. பேச்சு நின்றது. தரகர் திரும்பிப் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும். கண்ணாடி முழுக்க ஏறிவிட்டது. நான் எதிரே பார்த்துக்கொண்டிருந்தேன், எதுவும் கேட்காதவன்போல.