அக்கா ஜன்னலில் வைத்த செடி

அன்புள்ள சொந்தங்களுக்கும், அக்காவோடு ஒரே ஜீப்பில் மலையேறி இறங்கிய தோழிமார்களுக்கும்,

அக்கா எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிறது. அவரைப் பற்றி இந்த நினைவு மலரில் எழுத வேறு ஆள் இல்லை. எங்கள் வீட்டில் பிறந்தது இரண்டே பேர். ஒருவர் போய்விட்டார், மிச்சம் இருக்கிறவன் எழுதுகிறேன். குற்றம் குறை இருந்தால் நீங்கள் பொறுத்துக்கொள்வீர்கள். அக்கா இருந்தால் பொறுத்திருக்க மாட்டார்.

அக்கா பிறந்தது சிலமலையில். அப்பா காட்டு வேலைக்குப் போனவர், இருந்த வரைக்கும் எங்களைப் பட்டினி போட்டதில்லை. அவர் இறந்தபோது அக்காவுக்குப் பதினாலு வயது, எனக்கு நாலு. அடுத்த வாரமே அக்கா பள்ளிக்கூடப் பையை ஆணியில் மாட்டிவிட்டு, சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார். போடிமெட்டுக்கு மேலே ஏலத் தோட்டங்களுக்குப் பெண்களை அள்ளிக்கொண்டு போகும் ஜீப். பத்துப் பேர் உட்காரும் இடத்தில் பதினெட்டுப் பேர். விடியும் முன்னே ஏறினால் பொழுது சாயத்தான் இறங்குவார். அட்டை கடித்த காலோடு வந்து, முதலில் நான் சாப்பிட்டேனா என்று கேட்பார். அப்பாவை நினைத்தே அம்மா படுத்த படுக்கையாகிப் போனபின் அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு வேறு யாரும் இல்லை.

முப்பது வருடம் அக்கா காய் எடுத்தார், களை பறித்தார், கவாத்துச் செய்தார். ஏலச் செடியில் காய்ந்த இலையையும் முற்றிய தண்டையும் அறுத்துத் தள்ளுவதுதான் கவாத்து. அதில் அக்காவின் கைவேகத்துக்கு ஈடு கிடையாது என்று கங்காணியே சொல்வாராம். இரண்டு முறை பெண் கேட்டு வந்தார்கள். இரண்டு முறையும், "தம்பி படிப்பு முடியட்டும்" என்று சொல்லி அனுப்பினார். என் படிப்பு முடிந்தபோது கேட்டு வர யாரும் இல்லை. இதை நான் எழுதக் கூடாது என்று என் மனைவி சொன்னாள். எழுதாமல் வேறு எதை எழுதுவது?

மூட்டு தேய்ந்து மலையேற முடியாமல் போனபின், போடியில் ஒரு மண்டியில் உட்கார்ந்து ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலைக்குப் போனார். பிறகு அதற்கும் கண் ஒத்துழைக்கவில்லை. போடியில் மேற்குப் பார்த்த ஒரு சின்ன வீட்டில் வாடகைக்கு இருந்தார். ஒரு அறை, ஒரு அடுப்படி, தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு மாடிக்கு மேலே மலை தெரியும். அதற்காகத்தான் அந்த வீட்டைப் பிடித்தார் என்று நினைக்கிறேன். கேட்டால், தண்ணீர் நன்றாக வரும் என்பார்.

நான் ஓசூரில் கம்பெனி வேலையில் இருப்பது உங்களுக்குத் தெரியும். மூன்று வருடத்துக்கு முன் அக்காவை அங்கே அழைத்துப் போனேன். இனிமேல் எங்களோடுதான் என்று சொல்லித்தான் அழைத்தேன். நாலாவது மாடி. நானும் மனைவியும் வேலைக்கு, பிள்ளை பள்ளிக்கு. காலை எட்டரைக்குப் பூட்டினால் சாயங்காலம்தான் கதவு திறக்கும். ஹாலில் என் மனைவி வாங்கி வைத்திருந்த ஒரு தொட்டிச் செடி இருந்தது. கலாத்தியா என்று பெயர். இலையின் மேலே பச்சையில் வரிவரியாகக் கோடு, அடியில் கத்தரிப்பூ நிறம். பொழுது சாய்ந்தால் இலைகள் எல்லாம் எழுந்து கூம்பிக்கொள்ளும், விடிந்தால் விரியும். பகல் முழுக்க அந்த வீட்டில் அசைந்தது அக்காவும் அந்தச் செடியும்தான்.

"அப்பு, இது நம்ம ஏலக்கா சாதிதான். தண்டப் பாரு, சுருட்டிக்கிட்டு வர்ற குருத்தப் பாரு" என்றார் முதல் நாளே. என்னை அவர் அப்பு என்றுதான் கூப்பிடுவார். பிறகு எங்கள் வளர்ப்பைத் திட்ட ஆரம்பித்தார். "நேர் வெயில்ல வச்சிருக்கீக. இதுக்கு வெளிச்சம் வேணும், வெயிலு ஆகாது. மலையில மரத்தடியில கெடக்குற செடிக்கு இது தாங்குமா?"

இருபதாவது நாள், "நான் போறேன் அப்பு, அங்க சோலி கெடக்கு" என்றார். அங்கே ஒரு சோலியும் கிடையாது. அது எனக்கும் தெரியும். இருங்கள் என்று நான் ஒரு முறை சொன்னேன். இரண்டாவது முறை சொல்லவில்லை. என் மனைவி செடியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். சேலம், திண்டுக்கல், தேனி என்று பஸ் மாறி மாறி, தொட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு போடி போய்ச் சேர்ந்தார். அன்று எனக்கு வந்தது வருத்தம் இல்லை, நிம்மதி. அக்காவுக்குத் துணைக்கு ஒன்று இருக்கிறதே என்ற நிம்மதி. ஒரு தொட்டிச் செடியை நம்பி நான் அக்காவை விட்டேன்.

தினமும் மதியம் ஒரு மணிக்கு, கம்பெனியில் சாப்பிட்டுவிட்டு அக்காவுக்குப் போன் செய்வேன். பேச்சு எல்லாம் செடியைப் பற்றித்தான். குழாய்த் தண்ணீரில் மருந்து வாடை அடிக்கிறது, இலை நுனி கருகுகிறது, அதனால் குடத்தில் பிடித்து ஒரு நாள் ஆறவிட்டு ஊற்றுகிறேன் என்பார். மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, ஈரம் இருந்தால் ஊற்றுவதில்லை என்பார். ஆனி, ஆடிக் காற்றில் ஜன்னலைச் சாத்திவிட்டு, பக்கத்தில் ஈரச் சாக்கை விரித்துப் போட்டாராம். மலையில் வேலை பார்த்த ஒருத்தி, ஜீப்பில் வரும்போது மரத்தடி மண் ஒரு பை கொண்டுவந்து கொடுத்தாளாம். வாரத்துக்கு ஒரு நாள் இலை இலையாகத் துணியால் துடைப்பாராம். "தூசி படிஞ்சா அதுக்கு மூச்சு முட்டும் அப்பு." எப்படி இருக்கிறீர்கள் என்று நான் கேட்டால், "ஒரு குருத்து விட்ருக்கு" என்றுதான் பதில் வரும். அந்தப் பதிலில் எனக்கு வசதி இருந்தது. நானும் மேற்கொண்டு கேட்க மாட்டேன்.

ஒரு தை மாதம் அக்காவுக்குப் பழைய கை அரித்திருக்கிறது. இலை நுனிகள் கொஞ்சம் காய்ந்திருந்ததைப் பார்த்து, ஏலச் செடிக்குச் செய்வது போலவே அதற்கும் கவாத்துச் செய்துவிட்டார். ஒரு குருத்தை மட்டும் விட்டு, எல்லாவற்றையும் அறுத்துத் தள்ளிவிட்டார். மலையில் மழை விழுந்தால் ஏலம் பொங்கி வரும். வீட்டுக்குள் தொட்டியில் எந்த மழை விழும்? இரண்டு மாதம் வெறும் தொட்டியாக நின்றிருக்கிறது. என்னிடம் மூச்சு விடவில்லை. "நல்லா இருக்கு, நல்லா இருக்கு" என்பார். ஒரு படம் அனுப்பச் சொன்னேன். எதிர்வீட்டு ஜெய்னம்புவின் போனிலிருந்து படம் வந்தது. இலை இலையாகச் செழித்து நின்றது செடி. அதற்குப் பின்னால் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரில் மார்கழி மாதத் தேதி. நாங்கள் பேசியதோ மாசியில்.

நான் சிரித்துவிட்டேன், ஆனால் கேட்கவில்லை. "அடுத்த மாசம் வர்றேன்க்கா" என்று நான் சொல்லிக்கொண்டிருந்ததும் அதே மாதிரிப் பழைய படம்தான். அது அக்காவுக்கும் தெரியும். அவரும் கேட்கவில்லை.

ஜெய்னம்புவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எதிர்வீட்டின் முன்பக்கத்தில் அவரும் கணவரும் மளிகைக் கடை வைத்திருக்கிறார்கள். அக்காவுக்கு நோன்புக் கஞ்சி போகும், அங்கிருந்து வந்த கிண்ணத்தை வெறுமனே திருப்பித் தரமாட்டார் அக்கா. செடி மறுபடி துளிர்த்து நாலைந்து இலை விட்ட சமயம், அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து, எழ முடியாமல் ஒரு மணி நேரம் கிடந்திருக்கிறார். அதன்பின் ஜெய்னம்புதான் ஒரு வழி சொன்னார். அக்கா தினமும் எழுந்ததும் செடியை ஜன்னலில் வைப்பார். மேற்குப் பார்த்த ஜன்னல் என்பதால் காலையில் வெளிச்சம் மட்டும் வரும், வெயில் வராது. பன்னிரண்டு மணிக்கு முன் அதை எடுத்து உள்ளே அரிசி டிரம் பக்கத்தில் வைத்துவிடுவார். "செடி ஜன்னலுக்கு வந்தா அக்கா எந்திரிச்சிட்டீகன்னு நெனச்சுக்கிறேன். வரலைன்னா வந்து கதவத் தட்டுறேன்" என்றார் ஜெய்னம்பு. அக்கா என்னிடம் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் ரொம்ப நல்ல யோசனை என்றேன். அந்த மாதமும் நான் வரவில்லை.

செடி ஜன்னலுக்கு வருகிறதா என்று மட்டும்தான் நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அது உள்ளே போகிறதா என்று பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

கடைசி நாள் காலை அக்கா எழுந்திருக்கிறார். குளித்து, விளக்கேற்றி, செடியை ஜன்னலில் வைத்திருக்கிறார். ஜெய்னம்பு அதைப் பார்த்துவிட்டு, கடையைச் சாத்திக்கொண்டு, கம்பத்தில் சொந்தக்காரர் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு போயிருக்கிறார். ஒரு மணிக்கு நான் போன் செய்தேன். அக்கா எடுக்கவில்லை. இரண்டாவது முறையும் எடுக்கவில்லை. ஜெய்னம்புவுக்கு அடித்தேன். கல்யாண வீட்டுச் சத்தத்தில் அவர் குரல் பாதிதான் கேட்டது.

"காலையிலயே செடி ஜன்னலுக்கு வந்திருச்சுண்ணே. நல்லாத்தான் இருப்பாக. அசந்து தூங்குவாக."

சரிம்மா என்று வைத்துவிட்டேன். அதன்பின் வேலையில் உட்கார்ந்தேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஜெய்னம்பு திரும்பி வந்து தெருவில் நின்று பார்க்கிறார், செடி இன்னும் ஜன்னலில் இருக்கிறது. மதியம் முழுக்க வெயில் அடித்து இலைகள் சுருண்டு கிடக்கின்றன. அக்கா ஒருநாளும் அப்படி விடமாட்டார் என்று அவருக்குத் தெரியும். ஓடிப் போய்த் தட்டியிருக்கிறார். கதவை உடைத்துத்தான் திறந்தார்கள். அக்கா அடுப்படி வாசலில் கிடந்தார். மாரடைப்பு, காலை பத்து மணி வாக்கில் உயிர் போயிருக்கும், பக்கத்தில் ஆள் இருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். அது எனக்கு ஆறுதலாக இருக்க வேண்டும். ஆனால் பத்திலிருந்து ஐந்து வரை அக்கா அங்கே தனியாகக் கிடந்தார். எனக்கு அது ஆறவில்லை.

காரியம் முடிந்து வீட்டைக் காலி செய்தபோது செடியை ஜெய்னம்புவிடம் கொடுத்தேன். அவர் கையை நீட்டவில்லை. "வேணாம்ணே. நாந்தானே நல்லா இருப்பாகன்னு சொன்னேன். அதப் பாக்குறப்பல்லாம் எனக்கு அந்த வார்த்தைதான் வருது" என்று அழுதார். ஆகவே நான் அதை மடியில் வைத்துக்கொண்டு ஓசூர் போனேன். அக்கா அதை எப்படித் தூக்கிக்கொண்டு வந்தார் என்பது சேலம் வருவதற்குள் என் காலுக்குத் தெரிந்தது.

ஐந்து இலை கருகியிருந்தது. என் மனைவி கத்தரியை எடுத்தாள், நான் வேண்டாம் என்றேன். அக்கா இருந்தால் என்னைத்தான் திட்டியிருப்பார். "காஞ்சத வச்சுக்கிட்டு இருந்தா புதுசு எப்புடி வரும்? வெரசா அறுத்துப் போடு" என்றிருப்பார். ஆனால் அந்த ஏழு மணி நேரம் அக்காவோடு இருந்தது அந்த இலைகள் மட்டும்தான். அவற்றை என்னால் அறுக்க முடியவில்லை. ஆறிய தண்ணீர் ஊற்றுகிறேன், விரலை விட்டு ஈரம் பார்க்கிறேன், ஞாயிற்றுக்கிழமை துடைக்கிறேன். நாலு இலை தானாக விழுந்துவிட்டது. பாதி பழுப்பும் பாதி பச்சையுமாக ஒன்று மட்டும் நிற்கிறது. பொழுது சாய்ந்தால் அதுவும் மற்ற இலைகளோடு சேர்ந்து எழுந்து கூம்புகிறது. மதியம் ஒரு மணிக்கு இன்னும் என் கை போனைத் தேடுகிறது.

நன்றி சொல்ல நிறையப் பேர் இருக்கிறீர்கள். மலையில் அக்காவின் கூடையைச் சேர்த்துச் சுமந்த தோழிமார்கள், காரியத்துக்குச் சிலமலையிலிருந்து வந்து நின்ற பங்காளிகள், கதவை உடைத்த தெருக்காரர்கள், ஒரு வருடம் வீட்டை வேறு யாருக்கும் விடாமல் பூட்டி வைத்திருந்து, நினைவு நாளுக்குச் சாவியைக் கொடுத்த வீட்டுக்காரர், எல்லோருக்கும் கைகூப்புகிறேன். ஜெய்னம்புவுக்கு மட்டும் ஒரு வார்த்தை தனியாகச் சொல்ல வேண்டும். அம்மா, நீங்கள் தினமும் ஜன்னலைப் பார்த்தீர்கள். நான் பார்க்கவே வரவில்லை. உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை என்பதை எல்லோரும் படிக்கட்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

இந்த மலர் உங்கள் கைக்கு வரும் நாளில் செடியையும் போடிக்குக் கொண்டுவந்திருப்பேன். காலையில் அக்காவின் ஜன்னலில் நானே வைப்பேன். பன்னிரண்டு மணி பந்தி போடும் நேரம், வருகிறவர்களைக் கவனிப்பதில் எனக்கு மறந்துபோகலாம். நான் எங்கே நின்றுகொண்டிருந்தாலும், யாரோடு பேசிக்கொண்டிருந்தாலும், உங்களில் ஒருவர் வந்து என் கையைப் பிடித்து இழுத்துச் சொல்லுங்கள். செடியை உள்ளே எடுத்து வைக்க வேண்டும்.

உடன்பிறந்த தம்பி