பிரித்துப் பார்க்காத பொட்டலம்

என் தம்பி சின்னமனூர்ப் பக்கம் வாழைத் தோட்டங்களுக்கு ட்ரோனில் மருந்தடித்துக்கொண்டிருந்தான். எங்கள் ஊரில் மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துக்கு யார் கிளம்பினாலும், அங்கே இருக்கும் தங்கள் உறவுக்காரர்களுக்கு அக்கம்பக்கத்தார் பொட்டலம் கொடுத்துவிடுவார்கள். உள்ளே என்ன என்று கேட்பது மரியாதையில்லை.

மருந்தடிக்க அழைத்த ஒருவர், கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தன் தோட்டத்தில் எல்லையோரத்திலிருந்து ஒரு பொட்டலத்தை ட்ரோனில் இறக்கிவிடச் சொன்னார். தம்பியும் செய்தான். பிறகு அதுவே வழக்கமானது. கூலி மிக அதிகமாக வரவே எனக்குச் சந்தேகம் தட்டியது.

"ஏலே, உள்ள என்னன்னு பிரிச்சுப் பாத்தியா?"

"பாத்தா கொண்டுபோக முடியாதுக்கா," என்றான், தலையைக் குனிந்துகொண்டு.

அடுத்த முறை பொட்டலம் இறங்கிய இடத்தில் போலீஸ் நின்றது. உள்ளே கஞ்சா. ட்ரோன் யாருடையது என்று விசாரித்து அவனையும் பிடித்தார்கள். தம்பி இன்னும் சிறையில்தான் இருக்கிறான். அம்மா அவன் பேரைச் சொல்லாமலே அழுகிறாள்.

ஏலக்காய் பறிக்க நானும் மலைக்குப் போகிறவள். இப்போது யார் எதைக் கொடுத்தாலும் அவர்கள் எதிரிலேயே பிரிக்கிறேன். போன வாரம் பக்கத்து வீட்டு மாமா தன் மகளுக்குக் கொடுத்துவிட்ட முறுக்குப் பொட்டலத்தையும் பிரித்தேன். அவர் முகம் வாடிவிட்டது.

"கோவிச்சுக்காதீக மாமா," என்றேன். "எங்க வீட்டுல ஒருத்தன் பிரிச்சுப் பாக்காமத்தான் போனான்."