டிரெசர் சொல்லாத எடை

திங்கட்கிழமை காலையில் ஜப்பான்காரன் சோதனை. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, அந்த மோட்டார் சைக்கிளின் எஞ்சின் என் பெஞ்சின் மேல் துண்டு துண்டாகக் கிடந்தது. பழுது என்று ஒன்றும் இல்லை. வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த ஸ்பேனரைச் சுவரில் விட்டெறிந்தேன்.

சத்தம் வருகிறது என்று வண்டியைக் கொண்டுவருகிறவரிடம் முதலில் என்ன கேட்க வேண்டும் என்று தொழில் பழகும் தம்பிகளுக்கு எழுதச் சொன்னார்கள். எழுதுகிறேன். நான் அதைக் கற்றுக்கொண்ட விதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தலை சூடாகிறது.

நாற்பத்து மூன்றாம் வருஷம், ஜப்பான்காரன் ஆட்சி. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சீன முதலாளியின் ஒர்க்‌ஷாப்பில் நான் ஃபிட்டர். தவுக்கே என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். வண்டிக்காரர் ஞானமுத்து, கிள்ளான் பக்கம் ஆறு தோட்டங்களுக்கு ஒரே டிரெசர். மருந்து கொடுப்பதும் புண்ணுக்குக் கட்டுப் போடுவதும் காய்ச்சல்காரனைப் பார்ப்பதும் அவர்தான். வெள்ளைக்காரத் துரை போட்டுவிட்டு ஓடிய பழைய இரட்டை சிலிண்டர் டூரிங் வண்டி அவரிடம் இருந்தது. பக்கத்தில் கித்தான் துணியால் மூடிய ஒரு சைட்கார். அதில் மருந்துப் பெட்டி ஏற்றத்தான் பெர்மிட், ஆள் ஏற்றக் கூடாது.

சோதனையில் வண்டி தேறாவிட்டால் பறிமுதல். வண்டி போனால் ஆறு தோட்டத்தை நடந்து சுற்ற முடியாது. அப்புறம் நீ இங்கே எதற்கு, சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போகும் அடுத்த கூட்டத்தோடு நீயும் போ என்று ஜப்பான்காரன் ஆபீசில் வாய்விட்டே சொல்லியிருந்தார்கள். சயாமுக்குப் போனவர்களில் எங்களுக்குத் தெரிந்து அதுவரை ஒருத்தரும் திரும்பவில்லை. டிரெசருக்கு மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் இருந்தார்கள்.

1. ரோட்டில் வரும் சத்தம்

செவ்வாய்க்கிழமை முதல் தடவை வந்தார்.

"என்ன சத்தம்?"

"டக் டக்குன்னு வருது ஃபிட்டர்."

"எஞ்சின்லயா, சக்கரத்துலயா?"

"அத எப்படி நான் சொல்றது? எனக்கு ஊசி போடத்தான் தெரியும்."

"சரி, எப்ப வருது?"

"ரோட்டுல."

ரோட்டில்தான் வரும். பிறகென்ன, கடலிலா வரும்? பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியை ஸ்டார்ட் செய்தேன். ஸ்குரூடிரைவரின் நுனியை எஞ்சின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். அந்தக் காலத்தில் எங்களுக்கு அதுதான் ஸ்டெதஸ்கோப். இரண்டு சிலிண்டரும் ஒழுங்காக இருந்தன. தெருமுனை வரை ஓட்டிப் பார்த்தேன். சத்தமே இல்லை.

தெருமுனையைத் தாண்டக் கூடாது என்பது தவுக்கேயின் சட்டம். பெட்ரோல் ஏது அப்போது? ரப்பரைக் காய்ச்சி இறக்கிய எண்ணெயில்தான் வண்டி ஓடியது. போத்தல் போத்தலாகப் பூட்டி வைத்திருப்பார்.

"மானா புன்யி? தாடா லா!" என்றார் தவுக்கே. சத்தம் எங்கே, இல்லையே என்கிறார். இல்லாத சத்தத்துக்கு நான் என்ன செய்ய? சந்தேகத்துக்கு வால்வு டேப்பெட் இடைவெளியைச் சரிசெய்து அனுப்பினேன்.

2. மறுபடியும்

வியாழக்கிழமை மறுபடி வந்து நின்றார். "போகலை ஃபிட்டர். கிள்ளான்லேருந்து வழி நெடுக டக் டக்குன்னு அடிச்சிக்கிட்டேதான் வந்துச்சு."

"இப்ப அடிக்குதா?"

"இப்ப இல்ல."

"எங்க நின்னுச்சு?"

டிரெசர் தரையைப் பார்த்தார். "பங்சார் கிட்ட நின்னிருக்கும்."

"நின்னிருக்குமா? நீங்கதானே ஓட்டிக்கிட்டு வந்தீங்க?"

டிரெசர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். கூச்சப்படும் தோட்டத்துப் பெண்களிடம்கூட நோயைக் கேட்டுக் கேட்டு வாங்குகிற மனிதர், தன் வண்டியின் நோயைச் சொல்லமாட்டேன் என்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சூடேறினால் வந்து, ஆறினால் நிற்கிற சத்தமோ என்று எஞ்சினுக்குள் இருக்கும் பிக் எண்ட் பேரிங்மேல் சந்தேகப்பட்டேன். வியாழன் முழுவதும் எஞ்சினைக் கழற்றினேன். வெள்ளிக்கிழமை பேரிங்கைப் பார்த்தால் அதற்கு இன்னும் என் வயதளவு ஆயுசு இருக்கும் போலிருந்தது. ஸ்பேனரைச் சுவரில் எறிந்தது அப்போதுதான். தவுக்கே வந்து முதலில் சுவரைப் பார்த்தார், பிறகு ஸ்பேனர் வளைந்ததா என்று பார்த்தார்.

3. கித்தானுக்குக் கீழே

சனிக்கிழமை மதியம் எஞ்சினைப் பூட்டி முடித்தேன். வண்டியை எடுக்க டிரெசர் வந்தார். "இன்னைக்கு நீங்க ஓட்டுங்க. நான் சைட்கார்ல உக்காந்து கேக்குறேன்," என்றேன்.

"ஐயோ, வேணாம் ஃபிட்டர். ஆள் ஏத்தக் கூடாதுன்னு பெர்மிட்லயே போட்டிருக்கான்."

"கித்தான மூடிக்கிட்டுப் படுத்துக்கிறேன். எவன் பாக்கப் போறான்?"

அதைக் கேட்டதும் அவர் முகம் வெளுத்துப்போனது. ஆள் ஏற்றப் பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். தவுக்கேயிடம் ஒரு போத்தல் எண்ணெய்க்குக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி, பின்சக்கரக் கம்பியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டுச் சைட்காரில் படுத்தேன். கித்தானுக்குள் மருந்து வாசம் இல்லை. காய்ச்சல் வேர்வை நாற்றம்தான் அடித்தது.

ஒர்க்‌ஷாப்பை விட்டு நூறு அடி போகவில்லை. டக். டக். டக்.

அடப்பாவி மனுஷா! ஐந்து நாளாக நான் தேடிய சத்தம், நான் ஏறிப் படுத்ததும் காதுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. கித்தானை விலக்கிச் சிவப்புத் துணியைப் பார்த்து எண்ணினேன். சக்கரம் இரண்டு சுற்றுக்கு மேல் சுற்றியபிறகு ஒரு டக். எஞ்சின் சத்தமாக இருந்தால் சக்கரத்தை விட வேகமாக அடிக்கும். சக்கரமாக இருந்தால் சுற்றுக்கு ஒன்று. சக்கரத்தை விட மெதுவாகச் சுற்றுவது அந்த வண்டியில் ஒன்றுதான். செயின்.

கிள்ளான் ரோட்டு ஓரத்தில் நிறுத்தச் சொல்லிக் குனிந்து பார்த்தேன். போன மாதம் செயின் அறுந்துபோய், ஸ்பேர் கிடைக்காமல், இரும்பு ஆணியை வெட்டி நானே ஒரு ரிவெட் அடித்துப் போட்டிருந்தேன். அதன் தலை கொஞ்சம் பெரிசு. வெறும் வண்டியாக ஓடினால் எதிலும் படாது. சைட்காரில் பாரம் ஏறினால் அதன் இரும்புச் சட்டம் இறங்கி, செயினை மூடியிருக்கும் கார்டை உள்ளே தள்ளும். ரிவெட் தலை அதில் போய் அடிக்கும். ஒரு முழு எஞ்சினை நான் அவிழ்த்தது என் கையால் அடித்த ஓர் ஆணித் தலைக்காக.

ஆனால் மருந்துப் பெட்டி பதினைந்து ராத்தல்கூட இருக்காது. அதற்கு இந்தச் சட்டம் இறங்காது. நிமிர்ந்து டிரெசரைப் பார்த்தேன்.

"இதுல ஆள் ஏத்துறீங்க."

அவர் ரோட்டை முன்னும் பின்னும் பார்த்தார். "சயாம் லிஸ்ட்ல பேர் வந்தவனுங்க ஃபிட்டர். எந்திரிச்சு நிக்கக்கூட தெம்பு இல்லாதவனுங்க. அங்க போனா பத்து நாள் தாங்க மாட்டானுங்க. பங்சார் தாண்டி ஒரு..."

"வாய மூடுங்க!" என்று கத்திவிட்டேன். "எங்க இறக்குறீங்க, யாரு வாங்கிக்கிறா, ஒண்ணும் எனக்குத் தெரிய வேணாம். எனக்குத் தெரிஞ்சா ஜப்பான்காரன் அடிக்கிற அடியில நான் சொல்லிடுவேன். ஆள் யாருன்னு வேணாம். எத்தன ராத்தல்? அத மட்டும் சொல்லுங்க."

"நூறு இருக்கும். எலும்பும் தோலும்தானே."

பயமாகத்தான் இருந்தது. வண்டியை அப்படியே விட்டுவிட்டு நடந்து போய்விடலாமா என்று நினைத்தது உண்மை. அதைவிட, இதை அவர் செவ்வாய்க்கிழமையே சொல்லியிருந்தால் பத்து நிமிஷ வேலை என்கிற கோபம் பெரிதாக இருந்தது. திரும்பிப் போய் ரிவெட் தலையை அரத்தால் ராவினேன். கார்டை வெளியே வளைத்தேன். நூறு ராத்தல் மண் மூட்டையைச் சைட்காரில் ஏற்றி, இடைவெளியில் என் சுண்டுவிரல் நுழைகிறதா என்று பார்த்து முடுக்கினேன்.

4. திங்கட்கிழமை

சோதனைக்கு வந்த அதிகாரி குட்டை, ஆனால் நல்ல பருமன். எல்லாரும் குனிந்து வணங்கினோம். வண்டியைச் சுற்றி வந்தான், பிரேக்கை மிதித்தான், பெர்மிட்டைப் பார்த்தான். பிறகு நாங்கள் யாரும் எதிர்பார்க்காத மாதிரி காலைத் தூக்கிச் சைட்காரில் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

"ஜாலான்!" என்றான். ஓட்டு என்கிறான்.

நான் சரிக்கட்டியது நூறு ராத்தலுக்கு. இந்த ஆள் நூற்றெண்பதுக்குக் குறையமாட்டான். சட்டம் இறங்குவது என் கண்ணுக்கே தெரிந்தது. டிரெசர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கிளப்பிக்கொண்டு போனார். அவர்கள் திரும்பி வரும்வரை தவுக்கே நாற்காலியில் உட்காரவில்லை.

கால் மணி நேரம் கழித்து வந்தார்கள். அதிகாரி இறங்கி, "பாகுஸ்" என்றான், நல்லது என்று அர்த்தம். பெர்மிட்டில் முத்திரை குத்திவிட்டுப் போனான்.

அவன் தலை மறைந்ததும் டிரெசரின் சட்டையைப் பிடித்தேன். "சத்தம் வந்துச்சா?"

"பள்ளத்துல ரெண்டு தடவ டக்குன்னுச்சு."

"அப்புறம்?"

"ரெண்டு தடவையும் இருமுனேன். காச நோயின்னு நினைச்சு மூக்கப் பொத்திக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிட்டான்."

தவுக்கே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

தம்பிகளுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். சத்தம் எங்கே வருகிறது என்று கேட்காதீர்கள், அது வண்டிக்காரருக்குத் தெரியாது. அப்போது வண்டியில் என்ன பாரம் இருந்தது என்று கேளுங்கள். சொல்லத் தயங்கினால் விவரம் கேட்காதீர்கள், எடையை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

டிரெசர் கிளம்பவில்லை. கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டு என் எதிரில் வந்து நின்றார். எனக்கு ஒரு நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"இருநூறு ராத்தல் தாங்குமா ஃபிட்டர்?" என்றார். "நாளைக்கு ரெண்டு பேரு."

என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. திட்டி முடித்துவிட்டு, வண்டியை உள்ளே தள்ளச் சொன்னேன்.