ஒட்டகத்தைப் பார்க்கக் கும்மிடிப்பூண்டி வரை

என் கணவர் சௌதியில் ஒட்டகப் பண்ணையில் வேலை செய்கிறார். போய் மூன்று வருடம் ஆகிறது. போன மாதம் அவருக்குக் கடுமையான காய்ச்சல். உண்ணி கடித்து வந்தது என்றார்கள். தேறிவிட்டார். ஆனால் திருவள்ளூரில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஓர் ஆசை பிடித்துக்கொண்டது. ஓர் ஒட்டகத்தின் பக்கத்திலாவது கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

பக்கத்து வீட்டு மல்லிகா அக்கா கால்நடை மருத்துவர். பொருட்காட்சியில் சவாரிக்கு விடும் ஒட்டகம் ஒன்று கும்மிடிப்பூண்டியில் சுருண்டு கிடப்பதாக அவருக்கு அழைப்பு வந்தது. ஞாயிறு காலை அவர் ஸ்கூட்டரில் நானும் ஏறிக்கொண்டேன். பெரியபாளையம், கவரைப்பேட்டை வழியாக ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். பெட்ரோலுக்கு நூற்றைம்பது ரூபாய். (மின்ரயில் என்றால் பேசின் பிரிட்ஜில் வண்டி மாற வேண்டும்.) காலை நாஷ்டாவைப் பெரியபாளையத்திலேயே முடித்துவிடுங்கள். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஞாயிற்றுக்கிழமை பாதிக் கடை பூட்டிக் கிடக்கும்.

அங்கே ஒரு கம்பெனிச் சுவரை ஒட்டிய தகரக் கொட்டகையில் ஒட்டகம் கழுத்தை மண்ணில் நீட்டிப் படுத்திருந்தது. அதை வளர்க்கும் ராஜஸ்தான்காரர் ராம்லால், உண்ணிகளைப் பிய்த்து நகத்தால் நசுக்கிக்கொண்டிருந்தார்.

“கையால நசுக்காதய்யா! அந்த ரத்தம் பட்டா உனக்கும் காய்ச்சல் வரும்,” என்று அதட்டிய அக்கா, கையுறையும் இடுக்கியும் கொடுத்தார். பரிசோதனைக்கு ரத்தம் எடுத்து, ஊசி போட்டார். “மாட்டுக்கு வர்ற உண்ணிக் காய்ச்சல் மாதிரிதான் இருக்கு. சாயங்காலத்துக்குள்ள தீனி எடுத்தா பொழைச்சிக்கும்.”

“இது இல்லாம நான் ஊருக்கு எப்டி போறது?” என்றார் ராம்லால்.

என் கணவருக்கு வீடியோ கால் போட்டேன்.

“இன்னா, ஒட்டகத்தாண்ட நின்னுக்கினு கீற?” என்று சிரித்தார்.

“நீங்க கையுறை போட்டுக்கினுதான் உண்ணி எடுக்கறீங்களா?”

சிரிப்பு நின்றது. “இங்க அடிக்கிற வெயில்ல யாரும் போடறதில்ல.”

“நீங்க போடுங்க.”

“சரி, போட்டுக்கறேன். அது கழுத்துல தட்டிக் குடு. அதுக்குப் புடிக்கும்,” என்றார்.

தட்டிக்கொடுத்தேன். திரையில் அவர் கையும் தன்னையறியாமல் காற்றில் தட்டியது.

நாலு மணிவாக்கில் ஒட்டகம் தலையைத் தூக்கிக் கடலைக்கொடியைக் கடித்தது. ராம்லால் அழுதுவிட்டார்.

ஆடு, மாடு, ஒட்டகம் இருக்கும் இடங்களுக்குப் போகிறவர்கள் முழுக்கை உடுப்பு போடுங்கள். வெளிர்நிறமாக இருந்தால் உண்ணி ஏறுவது தெரியும். பிறகு காய்ச்சல் வந்தால், எங்கே போனீர்கள் என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். வீடு திரும்பியதும் துணிகளை வெந்நீரில் ஊறவைக்க வேண்டும் என்றார் அக்கா.

இரவு வீட்டில் வெந்நீர் கொதித்துத் தயாராக இருந்தது. என் துப்பட்டாவில் ஒட்டக வாசனை. இப்போது சௌதியில் அவர் சட்டையிலும் இதேதான் வீசும். தண்ணீர் ஆறும்வரை துப்பட்டாவைக் கையில் வைத்திருந்தேன். பிறகு எழுந்து மறுபடி அடுப்பைப் பற்றவைத்தேன்.