ஃப்ரீஸரில் குதிரை முடி

என் கணவருக்குக் குதிரை ஏறத் தெரியாது. பக்கத்து வீட்டு நாய் குரைத்தாலே கேரேஜுக்குள் போய்விடுவார். அப்படிப்பட்டவருக்கு, நூறு வருஷத்துக்கு முந்தைய ஜெர்மன் குதிரைப்படைக்காரர்கள் அணிவகுப்பில் போட்டுக்கொண்ட சாமான்களின்மேல் எப்படிப் பைத்தியம் பிடித்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

டெக்சஸில், ரவுண்ட் ராக்கில் நாங்கள் வீடு வாங்கிய புதிதில், ஒரு பழம்பொருள் கடையிலிருந்து தோட்டாப் பெட்டி தொங்கும் மார்புப் பட்டை ஒன்றை வாங்கி வந்தார். அதன்பின் பார்சல் பார்சலாக வந்து இறங்கியது. வாள் பிடியில் கட்டும் வெள்ளி ஜரிகைக் குஞ்சம். தொப்பி உச்சியில் செருகும் வெள்ளைக் குதிரை முடிக் கொண்டை. முழங்கை வரை ஏறும் தோல் கையுறை. எல்லாவற்றிலும் ஈரச் சாக்கும் பழைய வியர்வையும் கலந்த ஒரு வாடை.

அந்தக் கையுறையின் உள்பக்கம் கறுத்துப் பிசுபிசுத்திருந்தது. செத்துப்போன எவனோ ஒருவனுடைய அழுக்கு. அதற்குள் கையை விட்டு விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தவர், அப்படியே வந்து சாப்பிட உட்கார்ந்தார்.

"கை கழுவுனீங்களா?"

"ஒரிஜினல் லெதர்ம்மா. ஒண்ணும் ஆகாது."

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

தோழி வீட்டு வளைகாப்புக்காக என் முகூர்த்தப் புடவையை எடுத்தபோதுதான் அந்தப் புழுக்களைப் பார்த்தேன். அரிசியளவு, பழுப்பு நிறம், உடம்பெல்லாம் ரோமம். அரக்குப் பட்டில் சல்லடை மாதிரி ஓட்டைகள். உதறியதும் ஒன்று என் கைமேல் விழுந்து நெளிந்தது. நான் போட்ட சத்தத்தில் அவர் ஓடிவந்தார். புடவையைப் பார்த்தார். புழுவைப் பார்த்தார்.

"ஐயையோ, அப்போ கொண்டைலயும் ஏறியிருக்குமே!" என்று தன் அறைக்கு ஓடினார்.

அங்கிருந்துதான் அவை வந்திருந்தன. குதிரை முடியில் பாதியைத் தின்றுவிட்டு, அலமாரிச் சுவரைத் தாண்டி என் பட்டுக்கு வந்திருந்தன. புழுவைவிட அவர் ஓடிய ஓட்டத்தைப் பார்த்துத்தான் எனக்கு அதிகமாகக் குமட்டியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, இரண்டு வீடு தள்ளியிருக்கும் கோயம்புத்தூர் ஆன்ட்டி சாப்பிட வந்திருந்தார். ஐஸ் எடுக்க ஃப்ரீஸரைத் திறந்தவர், துருவிய தேங்காய்ப் பொட்டலத்துக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை உருவினார். உள்ளே நீள நீளமாக வெள்ளை முடி.

"கண்ணு, இது யாரோட முடி?" என்றார். 

என் மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "டாட்! இட்ஸ் எ டெட் ஹார்ஸ்!" என்று மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"ஃப்ரீஸ் பண்ணாத்தான் பூச்சி சாகும் ஆன்ட்டி. பழைய சாமான் சேக்குற கலெக்டர்ஸ் எல்லாரும் இப்படித்தான் பண்ணுவாங்க," என்று அவர் விளக்கினார். முகத்தில் துளிக்கூட வெட்கமில்லை.

ஆன்ட்டி வாய் கொப்பளித்துவிட்டு, வயிறு சரியில்லை என்று கிளம்பிவிட்டார்.

நான் ஃப்ரீஸரைக் காலி செய்தேன். தேங்காய், மீன், பரோட்டா, ஊரிலிருந்து வந்த கறிவேப்பிலைப் பொடி, எல்லாம் குப்பைக்குப் போயின. கடைசியாக அந்தப் பையைத் தூக்கினேன்.

"அதை மட்டும் விட்டுடும்மா," என்றார். என் புடவைக்காக ஒரு வார்த்தை பேசாத மனுஷன், இதற்குக் கண்கலங்கி நின்றார்.

"இது வீட்டுல இருந்தா நான் இருக்க மாட்டேன். ரெண்டுல எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

அவர் உடனே பதில் சொல்லவில்லை. அந்தச் சில நொடி மௌனத்தை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

மறுநாளே ஏசி உள்ள ஒரு ஸ்டோரேஜ் அறையை வாடகைக்கு எடுத்து எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோய் வைத்தார். சனிக்கிழமைதோறும் போய் அவற்றைத் துடைத்துவிட்டு வருகிறார். திரும்பி வந்தால், சாவு வீட்டுக்குப் போய்வந்தவர்போல, பின்வாசலில் துணியைக் கழற்றிப்போட்டுக் குளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். தினமும் சோப்புப் போட்டுத்தான் குளிக்கிறார். இருந்தும் அவர் பக்கத்தில் வந்து படுக்கும்போது நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.